தொலைக்கல்வி மாணவருக்கு விரிவுரை மண்டபத்தில் இடம் உண்டா?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றின் காரணமாக நாட்டின் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, உள்வாரி மாணவர்கள் சில நாட்களுக்குள் தத்தமது ஊர்களுக்குத் திரும்ப நேர்ந்தது. அதனைத் தொடர்ந்து, பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' எனப்படும் கல்வி, ஆய்வு வலையமைப்பின் ஊடாகச் சூம் வகுப்புகள் ஒழுங்கு செய்யப்பட்டன. அவ்வகுப்புகளுக்கான இணையப் பாவனையைக் கட்டணமின்றி வழங்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் முன்வந்தன. பேராதனையில் பதிந்தவரும் ஒலுவிலில் பதிந்தவரும் வீட்டுத் திண்ணையிலும், சமிக்ஞை கிடைக்கும் மேட்டு நிலத்திலும் இருந்துகொண்டு குறித்த நாளில் குறித்த மணிக்கு விரிவுரைக்குச் சமுகமளித்தனர். அந்த மாதங்களில் இந்நாட்டின் பல்கலைக்கழக மாணவர் ஒவ்வொருவரும் தொலைக்கல்வி மாணவராகவே இருந்தார் எனலாம்.

பின்னர் மண்டபங்கள் திறக்கப்பட்டன. 2022இல் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை நீடித்த மின்வெட்டும், எரிபொருள் வரிசைகளும் வகுப்புகளை மீண்டும் ஒருமுறை இணையத்துக்குத் தள்ளின. அதுவும் கடந்தது. உள்வாரி மாணவர் தமது வாங்குகளுக்குத் திரும்பினர். வெளிவாரியாகவும் தொலைக்கல்வி மூலமாகவும் பதிந்திருந்தோர் அச்சிட்ட பாடத்தொகுதிகளுக்கும், இணையத்தில் ஏற்றிவைக்கப்பட்ட பதிவுகளுக்கும் திரும்பினர். அவர்களுக்கென இணையவழி வகுப்புகள் அங்குமிங்கும் தொடரவே செய்கின்றன. ஆயினும் அவை பெரும்பாலும் தனியே நடத்தப்படுபவை. நேரசூசிப்படி மண்டபத்தில் நடக்கும் வகுப்போடு இணைந்தவையல்ல. மண்டபத்தின் சன்னல் இரண்டு ஆண்டுகள் திறந்திருந்தது. தேவை தீர்ந்ததும் மூடப்பட்டது. யாருடைய தேவை தீர்ந்தது என்ற வினாவை எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை.

இந்த வினா சலுகை பற்றியதன்று. க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்கான தகைமை பெறுவோர் அண்மைய ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்தை விஞ்சியுள்ளனர். அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரியாக இடம் பெறுவோர் அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. எஞ்சியோர் தகுதியற்றவர்கள் அல்லர், இடமற்றவர்கள். அவர்களில் தனியார் நிறுவனங்களுக்குப் பணம் கட்ட முடிந்தவர் கட்டுகின்றனர். முடியாதவர் வேலைக்குச் சென்றுகொண்டே வெளிவாரிப் பட்டத்துக்கோ திறந்த பல்கலைக்கழகத்துக்கோ விண்ணப்பிக்கின்றனர். வெளிவாரி மாணவரின் தொகை உள்வாரி மாணவரின் தொகையை விஞ்சி நின்ற ஆண்டுகளும் இந்நாட்டில் இருந்துள்ளன.

இதில் ஒரு முரண் உண்டு. இலங்கையில் பல்கலைக்கழகக் கல்வி ஆரம்பமானதே வெளிவாரியாகத்தான். 1858இல் இலண்டன் பல்கலைக்கழகம், எந்தக் கல்லூரியில் படித்தவராயினும் தனது பரீட்சைக்குத் தோற்றலாம் எனக் கதவைத் திறந்தது. 1921இல் கொழும்பில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி, அந்த இலண்டன் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை நமது பட்டதாரிகளில் பெரும்பாலோர் கடல் கடந்த ஒரு நிறுவனத்தின் வெளிவாரி மாணவர்களே. ஆயினும் அவர்களுக்கு இங்கே ஒரு வகுப்பறை இருந்தது. கேள்வி கேட்க ஓர் ஆசிரியர் இருந்தார். பின்னாளில் நமது பல்கலைக்கழகங்கள் வெளிவாரிப் பட்டங்களை வழங்க முற்பட்டபோது பதிவையும் பரீட்சையையும் மாத்திரம் தம்மிடம் வைத்துக்கொண்டு, கற்பித்தலைத் தனியார் ரியூட்டரிகளுக்கு விட்டுவிட்டன. பட்டம் பல்கலைக்கழகத்தினுடையது, பாடம் ரியூட்டரியினுடையது என்ற விசித்திர நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

கற்பித்தலைத் தன் பொறுப்பாக ஏற்ற நிறுவனம் 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகமே. கொழும்பு, கண்டி, மாத்தறை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, அநுராதபுரம், பதுளை, குருநாகல் எனப் பிராந்திய நிலையங்களை அமைத்து, வார இறுதிகளில் பகல் வகுப்புகளை அது நடத்தி வந்துள்ளது. 2003இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் தொடங்கிய தொலைக்கல்வி நவீனமயமாக்கல் திட்டத்தின் கீழ், கணினியும் இணையமும் கொண்ட அணுகல் நிலையங்கள் நாட்டின் பல பாகங்களில் அமைக்கப்பட்டன. வீட்டில் இணைய வசதி என்பது கனவாக இருந்த காலத்தில் அது நல்ல முயற்சியே. ஆனால் அந்நிலையங்கள் மாணவரை ஒரு திரைக்கு முன்னால் அமர்த்தினவேயன்றி, நடந்துகொண்டிருக்கும் ஒரு வகுப்புக்குள் அமர்த்தவில்லை.

இங்கே தமிழ்மொழி மூல மாணவரின் நிலையைத் தனியே நோக்க வேண்டியுள்ளது.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு பாடத்துக்குத் தமிழ்மொழி மூல வகுப்பு நடத்துவதற்குப் போதிய மாணவர் தேறுவர். ஆனால் பதுளை, இரத்தினபுரி, குருநாகல், புத்தளம், மாவனெல்லை, மாத்தறை போன்ற இடங்களின் நிலை வேறு. மலையகத்தின் தோட்டப் பாடசாலை ஆசிரியரும், வடமேல் மாகாணத்தின் முஸ்லிம் கிராமங்களில் இருந்து வரும் பெண்களும், தென் மாகாணத்தில் தமிழ்மொழியில் கற்கும் சிறு தொகையினரும் அந்நிலையங்களில் பதிகின்றனர். ஓர் உதாரணத்துக்காக, குறித்த ஒரு பாடத்துக்குப் பதுளையில் நால்வரும், இரத்தினபுரியில் மூவரும், குருநாகலில் அறுவரும், கண்டியில் ஒன்பது பேரும் பதிந்துள்ளனர் எனக் கொள்வோம். நிலையம் ஒவ்வொன்றிலும் கிடைக்கும் விடை ஒன்றே: தொகை போதாது, வகுப்பு நடத்த இயலாது, கண்டிக்குச் செல்லுங்கள் அல்லது கொழும்புக்குச் செல்லுங்கள். பதுளையிலிருந்து கண்டிக்கு ஒரு பகல் வகுப்புக்காக பஸ் ஏறுபவர் வகுப்பில் இருக்கும் நேரத்தைவிடப் பாதையில் இருக்கும் நேரமே அதிகம். நால்வரில் இருவர் முதல் மாதத்துடன் நின்றுவிடுவர். மற்றைய இருவர் எவரோ ஒருவரின் பழைய குறிப்புப் பிரதியைக் கொண்டு பரீட்சைக்குத் தோற்றுவர்.

ஆனால் அந்த நால்வரையும் மூவரையும் அறுவரையும் ஒன்பதின்மரையும் கூட்டினால் இருபத்திரண்டு பேர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருபத்திரண்டு பேர் என்பது ஒரு நிறைவான வகுப்பு. யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே தமிழில் நடக்கும் வகுப்போடு, நடக்கும் அதே மணியில், அவர்களை இணைப்பதற்குப் புதிய கட்டிடம் வேண்டியதில்லை. புதிய விரிவுரையாளரும் வேண்டியதில்லை. சிதறியிருப்பதே நமது குறையாகச் சொல்லப்பட்டு வந்துள்ளது. நேரலை வகுப்பு அந்தக் குறையைப் பெருமளவில் இல்லாமற் செய்யக்கூடியது. அதனாலேயே இவ்விடயத்தைத் தொழில்நுட்பப் பிரிவினரின் அலுவலாக மாத்திரம் விட்டுவிட முடியாது என நாம் கருதுகின்றோம்.

பதிவு செய்த விரிவுரையை அனுப்பினாற் போதாதா எனச் சிலர் கேட்பதுண்டு. பதிவுக்குப் பயன் உண்டு. மின்வெட்டால் வகுப்பைத் தவறவிட்டவருக்கும், ஒரு பகுதியை மீண்டும் கேட்க விரும்புபவருக்கும் அது பெருந்துணை. ஆனால் பதிவிடம் கேள்வி கேட்க முடியாது. அதைவிட முக்கியமானது, மற்றவர் கேட்கும் கேள்வியும் அதில் கிடைப்பதில்லை. தனக்கு விளங்காதது எதுவென்றே அறியாத மாணவருக்கு அடுத்த வாங்கில் இருப்பவர் கேட்கும் கேள்வியே பல வேளைகளில் கண்ணைத் திறக்கின்றது. 'நாளை பார்க்கலாம்' எனத் தள்ளிவைக்கப்பட்ட பதிவுகள் பரீட்சைக்கு முந்திய வாரத்தில் முப்பது மணிநேரமாகக் குவிந்து கிடப்பதும் அனைவரும் அறிந்ததே. குறித்த மணிக்கு ஒருவர் நம்மை எதிர்பார்த்திருக்கின்றார் என்ற உணர்வு இல்லாமற் போனால் தொலைக்கல்வி வெகு விரைவில் வெறும் தொலைவாகிவிடுகின்றது.

இவ்விடயத்தில் நமக்கு வழிகாட்டக்கூடிய முன்னுதாரணம் செல்வந்த நாடொன்றிலன்றி, பசுபிக் சமுத்திரத்தின் நடுவே உள்ளது. 1968இல் பீஜியின் சுவா நகரில் நிறுவப்பட்ட தென் பசுபிக் பல்கலைக்கழகம் பன்னிரண்டு தீவு நாடுகளுக்குச் சொந்தமானது. சில தீவுகளின் முழுச் சனத்தொகையும் நமது ஒரு பிரதேச செயலகப் பிரிவின் தொகைக்கு எட்டாது. அப்பல்கலைக்கழகம் 1970களிலேயே அமெரிக்காவின் 'ஏ.ரி.எஸ்.-1' என்ற பழைய செய்மதியைப் பயன்படுத்தித் தீவுகளிலுள்ள மாணவரை ஒரே நேரத்தில் ஒரே கலந்துரையாடலில் இணைத்தது. படம் இல்லை, குரல் மாத்திரமே. ஒருவர் பேசி முடித்த பின்னரே மற்றவர் பேசலாம். 1985இல் அச்செய்மதி செயலிழந்தபோது மாற்று வழிகளைத் தேடி, 2000ஆம் ஆண்டில் தனக்கெனச் செய்மதி வலையமைப்பை அப்பல்கலைக்கழகம் புதுப்பித்துக்கொண்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது கருவியை அன்று; நேரத்தை. சர்வதேசத் திகதிக்கோடு அத்தீவுகளுக்கிடையே செல்கின்றது. சுவாவில் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி என்றால் குக் தீவுகளில் ஞாயிறு முற்பகல் பதினொரு மணி. ஊரே தேவாலயத்தில் இருக்கும் வேளை. ஆகவே தலைநகரின் வசதிக்கு நேரசூசி எழுதினால் ஒரு தீவு முழுவதும் வகுப்பை இழந்துவிடும். ஒரு வகுப்பு எத்தனை மணிக்கு என்ற சாதாரண வினாவிலேயே அவ்வகுப்பு யாருக்குரியது என்பது தீர்மானமாகிவிடுகின்றது.

இவ்வனுபவம் நமக்கு அந்நியமானதன்று. வெள்ளிக்கிழமை நண்பகலில் இடப்படும் நேரலை வகுப்பு ஜும்ஆவுக்குச் செல்லும் மாணவரை இழக்கும். நோன்பு காலத்தில் மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் வகுப்பு இப்தாருடன் மோதும். காலை ஒன்பது மணி வகுப்பில் பாடசாலை ஆசிரியர் எவரும் இணைய முடியாது. தொலைக்கல்வி மாணவரிலோ ஆசிரியர்களே பெருந்தொகையினர். ஞாயிறு என்றால் அறநெறி வகுப்புகளும், கிறிஸ்தவ மாணவரின் ஆராதனையும் உண்டு. அனைவருக்கும் பொருந்தும் மணி எங்கும் கிடையாது என்பது உண்மையே. ஆனால் இன்று நடப்பது பொருத்தம் பார்த்துத் தோற்றதன்று, பார்க்காமலே விட்டது. தவணை தொடங்குமுன்னர் பதிந்தவரிடம் ஒரு பக்கப் படிவத்தில் நேரத்தைக் கேட்டறிவதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

நேரம் பொருந்திய பின்னர் வரும் இடர் ஒலி. மண்டபத்தின் முன்னால் மடிகணினியை வைத்துவிட்டு விரிவுரையாளர் கரும்பலகைக்கு நடந்தவுடன் அவரது குரல் தேய்ந்துவிடுகின்றது. பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி கேள்வி கேட்கின்றார், மண்டபம் சிரிக்கின்றது, விரிவுரையாளர் பதில் சொல்கின்றார். புத்தளத்தில் இருப்பவருக்குக் கேட்பது பதில் மாத்திரமே. எதற்கான பதில் என்பது அவருக்குத் தெரியாது, சிரிப்பின் காரணமும் தெரியாது. இப்படி நான்கு வாரங்கள் சென்றால் அவர் தம்மை விருந்து வீட்டின் வாசலில் நிறுத்தப்பட்டவராக உணர்வதில் வியப்பில்லை. ('கேட்கிறதா, கேட்கிறதா' என்ற வார்த்தைக்கு இணையவழிக் கல்வி செலவிட்ட மணித்தியாலங்களைக் கூட்டினால் ஒரு பட்டப்படிப்பே முடிந்திருக்கும்.) இதற்கான மருந்து விலை உயர்ந்ததன்று. விரிவுரையாளரின் சட்டையில் செருகும் ஓர் ஒலிவாங்கி, மண்டபத்தில் கைமாறும் இன்னோர் ஒலிவாங்கி, கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் கூறும் பழக்கம். இவற்றுக்கு மேலாக ஓர் ஆள் வேண்டும். எழுத்தில் வரும் கேள்விகளைப் படித்து, உரிய இடத்தில் 'பதுளையிலிருந்து ஒரு கேள்வி' என விரிவுரையை இடைமறிக்கும் அதிகாரம் பெற்ற ஒரு போதனாசிரியரே அவர். பாடம் நடத்திக்கொண்டே திரையையும் கவனிக்குமாறு விரிவுரையாளரிடம் கூறுவது இரண்டையும் கெடுப்பதாகும்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ அரச பல்கலைக்கழகத்தில் பிரையன் பீற்றி என்ற பேராசிரியர் 2006 முதல் வளர்த்தெடுத்த முறையொன்றில், ஒரே பாடத்தை மண்டபத்தில் வந்தும், நேரலையில் இணைந்தும், பின்னர் பதிவின் மூலமும் கற்கலாம். எவ்வழியில் என்பதை வாரந்தோறும் மாணவரே தெரிவு செய்வர். எவ்வழியில் வந்தாலும் கற்றலின் பயன் சமமாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனைகளில் ஒன்று. நமது நாட்டில் இம்முறையைப் பற்றிப் பேசுவோர் தெரிவு என்ற பகுதியை உற்சாகமாக எடுத்துரைக்கின்றனர். நிபந்தனையை விட்டுவிடுகின்றனர்.

கமரா பற்றியும் ஒரு வார்த்தை. தொற்றுக் காலத்தில் மாணவர் கமராவைத் திறந்தே ஆகவேண்டும் என வற்புறுத்திய விரிவுரையாளர்கள் இருந்தனர். ஒற்றை அறை லயத்தில் தாயும் தம்பியும் நடமாடும் இடத்திலிருந்து கற்கும் மாணவிக்கும், வீட்டுப் பெண்கள் பின்னணியில் தென்படுவதை விரும்பாத முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணுக்கும் அது வகுப்பைக் கைவிடுவதற்கான காரணமாகிவிடும். தென் பசுபிக்கின் பழைய செய்மதியில் குரல் மாத்திரமே இருந்தது. அங்கு கல்வி நடந்தது. பெயரழைத்துக் கேள்வி கேட்டாலே ஒருவர் வகுப்பில் இருக்கின்றாரா என்பது தெரிந்துவிடும். குரலை மாத்திரம் கடத்தும் வகுப்புக்கு இணையச் செலவும் வெகு குறைவு. 2020இல் கிடைத்த கட்டணமற்ற பாவனை நிரந்தரமாக அமையவில்லை என்பதால் இது சிறிய விடயமன்று. விரிவுரைக் குறிப்பை முதல்நாளே அனுப்பிவிட்டால் படத்தின் தேவை மேலும் குறையும்.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வீசியபோது மலையகத்தில் பாதைகள் மாத்திரமன்றித் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டது. பஸ்ஸிலும் வரமுடியாது, இணையத்திலும் வரமுடியாது என்ற நாட்கள் இந்நாட்டில் இனியும் வரும். நேரலை வரவைக் கட்டாயமாக்கி, தவறினால் பரீட்சைக்கு அனுமதியில்லை என விதி செய்தால், மழைக்கும் மின்வெட்டுக்கும் மாணவரே தண்டனை பெறுவர். ஆகவே வரவை ஊக்குவிக்கும் விதி வேறு, வரவின்மையைத் தண்டிக்கும் விதி வேறு என்பதை மூதவைகள் பிரித்தறிய வேண்டும்.

எதிர்ப்புகள் இல்லாமலில்லை. விரிவுரையாளர்கள், ஒரே சம்பளத்துக்கு இரண்டு வகுப்புகளா எனக் கேட்கின்றனர். அது நியாயமான கேள்வியே. தொலைவிலுள்ள இருபது பேரின் ஒப்படைகளைத் திருத்துவதும், அவர்களது கேள்விகளுக்கு விடையளிப்பதும் வேலைச்சுமைக் கணக்கில் சேர்க்கப்படாதவரை இம்முயற்சி ஓரிருவரின் நல்லெண்ணத்திலேயே தங்கியிருக்கும். அவர்கள் இடமாற்றம் பெற்றாலோ வெளிநாடு சென்றாலோ அத்துடன் நின்றுவிடும். 2022இன் பின்னர் விரிவுரையாளர் பலர் நாட்டைவிட்டு வெளியேறியுள்ள நிலையில் இது கற்பனையான அச்சமன்று.

நாம் இதனிலும் கூடுதலாக அஞ்சுவது நிர்வாகத்தின் உற்சாகத்தை. நேரலையில் எத்தனை பேரையும் சேர்க்கலாம் என்ற கணக்கு, பணத்தட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கு மிகக் கவர்ச்சியானது. ஐந்நூறு பேரைப் பதிந்து, கட்டணம் பெற்று, அனைவரையும் ஒரு விரிவுரையில் ஊமைகளாக அமர்த்திவிட்டு 'இணைத்துவிட்டோம்' என அறிக்கை எழுதுவது எளிது. அது வானொலி, வகுப்பன்று. தொலைவிலிருந்து இணைவோர் முப்பது பேரைத் தாண்டினால் இன்னொரு போதனாசிரியர் அல்லது இன்னொரு குழு என்ற வரையறை ஆரம்பத்திலேயே எழுத்தில் இருத்தல் வேண்டும். உயர்தர மாணவருக்கான தனியார் வகுப்புகள் 2020இன் பின்னர் ஆயிரக்கணக்கானோரைத் திரைக்கு முன் கூட்டி நடத்தப்படுவதை நமது பிள்ளைகள் மூலம் அறிவோம். அங்கே தப்பிப் பிழைப்பவர் எப்படியும் தப்பிப் பிழைக்கக்கூடியவரே.

உள்வாரி மாணவரிடையே ஒருவித மனக்குறை உண்டு. தாம் போட்டியில் வென்று பெற்ற இடத்தில், இடம் பெறாதவர் வந்து அமர்வதா என்பதே அது. வெளிவாரிப் பட்டத்தைத் தாழ்வாக நோக்கும் தொழில் சந்தையும் அம்மனக்குறைக்கு நீர் ஊற்றுகின்றது. இருவரும் ஒரே வகுப்பில், ஒரே வாதத்தில், ஒரே ஒப்படையில் பங்குபற்றுவார்களாயின் அத்தாழ்வுக்கான காரணமும் மெல்ல இல்லாமற் போகும். தோட்டப் பாடசாலையில் பத்து ஆண்டுகள் கற்பித்த ஆசிரியை ஒருவர் கல்வி உளவியல் வகுப்பில் வாய் திறந்தால் நேற்று உயர்தரம் முடித்து வந்தவர்களுக்கு அதில் கற்க நிறைய இருக்கும். இழப்பது தொலைக்கல்வி மாணவர் மாத்திரமே என நாம் எண்ணிக்கொண்டிருக்கின்றோம்.

வீட்டிலிருந்து தனித்தனியே இணைவதைவிட, இயன்ற இடங்களில் பிராந்திய நிலையத்திலோ ஊர்ப் பாடசாலையின் கணினி அறையிலோ நால்வர் ஐவராகக் கூடி இணைவதே சிறந்தது. ஓர் இணைப்பின் செலவை ஐவர் பகிரலாம். வகுப்பு முடிந்த பின்னர் அரைமணிநேரம் தம்மிடையே பேசலாம். மாலையில் தனியே பயணம் செய்யத் தயங்கும் பெண்கள் சேர்ந்து வந்து சேர்ந்து போகலாம். பாடசாலை அறையைச் சனிக்கிழமைகளில் திறந்துவைக்க வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி போதும். ஏற்கெனவே தமிழில் நடக்கும் பாடங்களில் மூன்று நான்கைத் தெரிவுசெய்து, யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுக்கொன்று தமது மண்டபங்களைத் திறப்பதன் மூலம் இதனை அடுத்த தவணையிலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். ஒரு பல்கலைக்கழகத்தில் பதிந்தவர் இன்னொரு பல்கலைக்கழகத்தின் வகுப்பில் பெற்ற புள்ளிகளை ஏற்பதா என்ற வினா அப்போது உடனடியாக எழும். அதற்கான விடையை மூன்று மூதவைகளும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் கூடியே எழுத வேண்டியிருக்கும். ஒலிவாங்கிகளை வாங்குவதைவிட அதற்குக் கூடிய காலம் பிடிக்கும் என்பதால் முதலில் தொடங்க வேண்டியது அதுவே.